பிடிபட்ட பிறகும் கூப்பிட்ட மீன்

செத்த மீனைப் பற்றி விசாரித்து வா என்று யாரும் என்னை டொரண்டோவுக்கு அனுப்பவில்லை. நான் போனது உயிரோடு இருக்கும் மீன்களுக்காக. தூத்துக்குடியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஆசை இருந்தது. பாறை மீன்களின் வயிற்றுக்குள் ஒலி எழுப்பும் டேக் ஒன்றை வைத்துத் தைத்து, மன்னார் வளைகுடாவில் அவை எங்கே போகின்றன, எத்தனை பிழைக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆசை இருந்ததே தவிர கைப்பழக்கம் இல்லை. ஒன்டாரியோ ஏரியில் சால்மன் மீன்களுக்கு இதையே பல வருடங்களாகச் செய்துவரும் ஒரு குழு, ஒரு வாரம் வந்து கூட நில்லுங்கள் என்று அழைத்தது. அக்டோபரில் போனேன். குளிர் ஆரம்பிக்கும் மாதம் என்றார்கள். ஆரம்பமே இந்த லட்சணம் என்றால் நடுவில் என்ன ஆகும் என்று விமான நிலைய வாசலிலேயே எனக்குப் பல் கிட்டிப்போனது.

தங்கியது விட்பியில், நண்பன் ஒருவனுக்கு வேண்டப்பட்ட சிவம் அண்ணை வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர். வந்த புதிதில் நகரத்துக்குள் பார்க்டேலில் ஒரே அறையில் கும்பலாகக் கிடந்தவர், இப்போது நகரத்தை விட்டு வெகுதூரம் கிழக்கே தள்ளி, புதுக் குடியிருப்பில் பெரிய வீடு வாங்கியிருந்தார். மனைவி ஊருக்குப் போயிருந்ததால் வீட்டில் அவரும் ஒரு அரிசி மூட்டையும் மட்டும். மாலையில் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"போங்கோ தம்பி. திரும்பி வரேக்கை பாத்து வாங்கோ. எல்லா வீடும் ஒண்டு போலத்தான் கிடக்கும். எங்கட வாசல்ல கதிரையில ஒரு எலும்புக்கூடு இருக்கு. அதுதான் அடையாளம்" என்றார்.

பேய்களுக்கான பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் எலும்புக்கூடுதான். நடந்துவிட்டுத் திரும்பும்போது மங்கல் வெளிச்சம். பார்த்தால் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் நாற்காலி, நாற்காலிக்கு நாற்காலி எலும்புக்கூடு. எல்லாம் ஒரே உயரம், ஒரே இளிப்பு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. காற்று வந்தபோது அத்தனையும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டின. நான் ஒரு கதவில் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அசையாமல் பார்த்தார். கைகூப்பிவிட்டு ஓடிவந்தேன்.

"எல்லாரும் ஒரே கடையில மலிவு விற்பனையில வாங்கினது" என்று சிவம் அண்ணை சிரித்தார். அன்று அவர் வைத்த கோழிக்கறியின் உறைப்பில் எனக்கு அந்தப் பெண்மணி மறந்துபோனார், எலும்புக்கூடுகள் மறக்கவில்லை.

மறுநாள் ரயிலில் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வழியில் எந்தக் காரணமும் சொல்லாமல் ரயில் நின்றுவிட்டது. நம் ஊரில் ரயில் நின்றால் இறங்கி முறுக்கு வாங்குவோம், டிரைவரைத் திட்டுவோம், பக்கத்து ஆளிடம் சொந்தக் கதையைச் சொல்வோம். இங்கே பெட்டி நிறைய ஆட்கள், ஒரு இருமல்கூட இல்லை. எல்லோரும் கண்ணை மூடியபடி அப்படியே இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏரி. அக்கரை தெரியாத, உப்பில்லாத, மீன்வாடை இல்லாத ஒரு கடல். வாடையில்லாத கடலை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

குழுவின் தலைவி மார்கரெட். கடலோரத் தீவொன்றில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். தாட்டியான உருவம், யாரையும் அவசரப்படுத்தாத குரல். எங்கள் தொழிலை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தை இங்கே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. டேக் என்பது ஒரு மாத்திரை அளவுப் பொருள். தண்ணீருக்குள் இருக்கும் வரை நிமிடத்துக்கு ஒரு தடவையாவது தன் எண்ணையும், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். பேட்டரி வருடக்கணக்கில் உழைக்கும். ஏரிக்கடியில் ஆங்காங்கே ஒலிவாங்கிப் பெட்டிகள் கிடக்கின்றன. பக்கத்தில் வரும் மீனின் எண்ணை அவை குறித்துக்கொள்ளும். அவ்வப்போது படகில் போய் அவற்றை மேலே எடுத்துக் கேட்டால், எந்த மீன் என்றைக்கு எங்கே போனது என்று சொல்லும்.

"ஆனால் டேக்குக்குச் சாவு தெரியாது" என்றார் மார்கரெட். "மீன் செத்து மண்ணாகப் போனாலும் அது கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால் எங்களுக்கு ஒரே விதி. எண் அசைந்தால் உயிர். ஒரே இடத்தில் கிடந்தால் சாவு."

திரையில் ஏரியின் படம். அதன் அடியில் நிறையச் சிவப்புப் புள்ளிகள். எல்லாம் செத்தவை, எல்லாம் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருப்பவை. நான் பேச்சை மாற்ற, தேநீர் கிடைக்குமா என்று கேட்டேன்.

அவர் எழுந்திருக்காமல் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். இந்த ஏரிக்கே உரிய சால்மன் இனம் எப்போதோ அற்றுப்போய், இப்போது குஞ்சு பொரித்து விட்டு மறுபடி வளர்க்கிறார்கள். அந்த இனத்து மீன். போன வருடம் ஒருவர் தூண்டிலில் பிடித்துவிட்டார். முதுகில் குத்தியிருந்த அடையாளச் சீட்டைப் பார்த்துப் பொறுப்பாகப் போன் செய்து எண்ணைச் சொன்னார். வயிற்றுக்குள் இருந்த டேக்கை அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை. மீன் பிடிபட்டது என்று இவர்களும் கணக்கை முடித்துவிட்டார்கள். இந்த வருடம் மே மாதத்திலிருந்து அதே எண் ஏரிக்கடியிலிருந்து கூப்பிடுகிறது.

"குழம்பு வைத்துத் தின்னப்பட்ட மீன்" என்றேன்.

"ஆமாம். பிழைக்கும் மீன்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒன்று பொய் என்றால் எங்கள் முழு வேலையும் பொய். அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். ஒரு அம்மாள் 'நோ ஃபிஷ், நோ ஃபிஷ்' என்று வைத்துவிடுகிறார். பெயர் உங்கள் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது."

இது யாழ்ப்பாணப் பெயர், அது என் ஊர் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் என்று விளக்கினேன்.

"மொழி?"

"மொழி ஒன்றுதான்."

"போதும்" என்றார்.

அன்று பிற்பகல் ஹைலண்ட் ஓடைக்குக் கூட்டிப்போனார். ஓடையில் பெரிய சால்மன்கள் ஏறிக்கொண்டிருந்தன. இவை வேறு இனம், முட்டையிட்டதும் சாகிறவை. நான் துள்ளிக் குதிக்கும் வெள்ளி மீன்களை எதிர்பார்த்துப் போனேன். கண்டது வேறு. முதுகில் சதை அழுகி வெள்ளையாகத் தொங்குகிறது, வால் பாதி இல்லை, ஒன்றுக்குக் கண் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. ஆனாலும் அது தண்ணீரை எதிர்த்து நீந்துகிறது. கரையில் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் போட்டோ எடுத்தன. அங்கேதான் முதல் முறையாக எனக்குத் தூத்துக்குடி வாடை அடித்தது. அதுவும் துறைமுகத்தில் மிச்ச மீன் கிடக்கும் மூலையின் வாடை. செத்துக்கொண்டே எப்படி இவ்வளவு தெம்பு என்று கேட்டேன். "இந்த மாதத்தில் இவை எதையும் தின்பதில்லை. இருக்கிற உடம்பைத்தான் எரித்துக்கொண்டு போகின்றன" என்றார் மார்கரெட்.

மூன்றாம் நாள், மீன் பிடித்தவரின் வீடு இருக்கும் மல்வேர்னுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் தவறான திசையில் ஏறிவிட்டேன். வேலை முடிந்து திரும்பும் ஆட்கள் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்க, நானும் தூங்கி, கடைசி நிறுத்தத்தில் டிரைவர் வந்து தோளைத் தட்டினார். அவர் பெயர்ப் பட்டையில் தமிழ்ப் பெயர். "தம்பி, இது முடிவு. இதுக்கங்கால பஸ் போகாது" என்றார். பகல் வெளிச்சத்தில்தான் சொன்னார், இருந்தாலும் அந்த வாக்கியம் எனக்கு நன்றாகப் படவில்லை.

அந்த வீடு ஒரு வரிசை வீடு. கதவைத் தட்டியதும் சங்கிலி போட்டபடியே இடைவெளியில் ஒரு முகம் தெரிந்தது. யோகம் அன்ரி, மீன் பிடித்தவரின் மனைவி. தமிழில் வணக்கம் சொன்னேன்.

"லைசென்ஸ் இருந்தது. அவர் லைசென்ஸ் இல்லாமல் ஒரு நாளும் மீன் பிடிக்கேல்லை" என்றார் எடுத்த எடுப்பில்.

தண்டம் போட வரவில்லை, அரசாங்கம் அனுப்பவும் இல்லை, நான் தூத்துக்குடிக்காரன் என்றதும் சங்கிலி விலகியது. "தூத்துக்குடியோ? அப்ப எங்களுக்குக் கிட்டத்தானே" என்றார். சுவரில் அவருடைய கணவர் நாதன் படத்தில் இருந்தார். மாலை போட்டிருந்தது. வந்த காரியத்தை உடனே எடுக்காமல் ஷூவைக் கழற்றினேன்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். எங்கள் ஊர்ப் புட்டைவிட உதிரி, தேங்காய்ப்பூ தாராளம். நான் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டதில்தான் அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

"எனக்குச் சமன் மீன் எண்டா ரின்னில அடைச்சு வாறதுதான் தெரியும். இவர் உயிரோட பிடிச்சுக்கொண்டு வந்து நிண்டார். நான்தான் வெட்டினனான். வயித்துக்குள்ள கறுப்பா, மருந்துக் குளிசை மாதிரி ஒண்டு. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. அவர் உங்கட ஆக்களோட போனில கதைச்சுப்போட்டு வந்து, 'இது தண்ணிக்குள்ள கிடந்தா வருசக்கணக்கில கூப்பிடுமாம்' எண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிச்சார். மீன் பிடிக்கப் போனா எந்தக் கரையில நிக்கிறார் எண்டு தெரியாமல் நான் ஏசுறனான். போனைக் காருக்குள்ள விட்டிட்டுப் போயிடுவார். 'இனி இதைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சிருக்கிறன், தண்ணிக்குள்ள விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம்' எண்டு பகிடி விட்டவர்."

திருப்பி அனுப்ப மனம் வரவில்லையாம். பங்குனிக் கடைசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அஸ்தியைத் தண்ணீரில் கரைத்து, இறந்தவரின் ஆவியை இந்தப் பக்கத்திலிருந்து வழியனுப்பி வைக்கும் சடங்கு. ஊரில் என்றால் கீரிமலைக் கடல். இங்கே ஏரிதான். ஹைலண்ட் ஓடை ஏரியில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அலையைத் தடுக்கும் கல்லணையின் நுனியில் நின்று, அஸ்தி வைத்த மண்முட்டியைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறார்கள்.

"ஐயர் அங்கால திரும்பேக்கை நான் அந்தக் குளிசையை முட்டிக்குள்ள போட்டிட்டன். மகனுக்கும் சொல்லேல்லை. கீரிமலை எண்டா எங்கட சனம் முழுக்க அதுக்குள்ளதானே கிடக்குது. இஞ்ச ஆர் இருக்கினம்? முன்பின் தெரியாத தண்ணி. ஆள் துலைஞ்சு போகக்கூடாது எண்டு போட்டனான்."

எனக்கு ஒரே சமயத்தில் புல்லரிப்பும் சந்தோஷமும். புதிர் விடுபட்டது. அதைவிட, இந்த அம்மாளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல எனக்கு வாய்த்திருக்கிறது. வாய்க்கொழுப்பு என்று இதைத்தான் சொல்வார்கள்.

"அன்ரி, அவர் தொலையலை. நல்லா கேக்குது. மே மாசத்துல இருந்து அதே இடத்துலதான், துளிகூட நகராம, நிமிஷத்துக்கு நிமிஷம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு" என்றேன்.

அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதைப் பார்த்தேன்.

"அப்ப அவர் போகேல்லையோ?"

எனக்கு விளங்கவில்லை.

"அந்தியேட்டி முடிஞ்சா ஆள் போகோணும் தம்பி. அங்க நிக்கக்கூடாது. இவ்வளவு மாசமும் அந்தக் குளிருக்குள்ள நிண்டு கூப்பிடுறாரோ? நானெல்லோ அவரைக் கட்டி வைச்சிருக்கிறன்."

அந்த நேரத்தில் மகன் ரமணன் வேலையிலிருந்து வந்தான். முப்பதை நெருங்கும் ஆள், இங்கேயே பிறந்தவன். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தான். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ டேக். பேட்டரி. அப்பா இல்லை." பிறகு என்னிடம், "கான் யூ டேர்ன் இட் ஓஃப்?" என்றான். முடியாது என்றேன். சேற்றில் கிடக்கும் மாத்திரையைத் தேடி எடுக்கவும் வழியில்லை. பேட்டரி இன்னும் வருடக்கணக்கில் ஓடும். இதையும் நான்தான் சொல்லித் தொலைத்தேன்.

கிளம்பும்போது அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். படகில் போய் அந்த இடத்து ஒலிவாங்கிப் பெட்டியை எடுக்கப்போகிறோம் என்று சொல்லியிருந்தேன்.

"எடுத்துப் பாத்திட்டு, நிண்டாலும் சொல்லுங்கோ, போனாலும் சொல்லுங்கோ. என்ர மனம் ஆறட்டும் எண்டு பொய் மட்டும் சொல்லாதேங்கோ."

சொல்கிறேன் என்றேன். கல்லணைக்கடியில் கிடக்கும் டேக் எங்கே போகும்? நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

நான்காம் நாள் காற்று. படகு போகாது என்றார் மார்கரெட். மதியம் ரமணன் போன் செய்தான். அம்மா விடியலில் எழுந்து சமைத்திருக்கிறார், ஏரிக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார், நீங்களும் வரவேண்டுமாம். போனேன்.

கல்லணை ஏரிக்குள் நீண்டு கிடந்தது. அந்தக் குளிரில் எங்களைத் தவிர ஒரு நாய்கூட இல்லை. நுனியில் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலையை விரித்து, சோறு, பருப்பு, முருங்கைக்காய், சால்மன் குழம்பு எல்லாம் படைத்தார். காற்று இலையைத் தூக்காமல் இருக்க ரமணன் கல் வைத்தான். பக்கத்துப் பாறைகளில் நிறையக் கடற்புறாக்கள். ஒரு சிப்ஸ் துண்டைக் கண்டால் தலைமேல் ஏறும் ஜாதி. அன்று ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன.

அன்ரி மந்திரம் எதுவும் சொல்லவில்லை. சோற்றை உருண்டையாகப் பிடித்துப் பிடித்துத் தண்ணீரில் போட்டார். வீட்டில் ஒருவரை அதட்டுகிற குரலில்தான் பேசினார்.

"இஞ்சாருங்கோ, எனக்கொண்டும் விளங்காமல் செய்துபோட்டன். இனி இஞ்ச நிக்காதேங்கோ. குளிருது. சாப்பிட்டிட்டு வெளிக்கிடுங்கோ. என்னைப் பாக்காதேங்கோ, நான் இருப்பன். நீங்கள் போங்கோ."

பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ரமணனும் பார்க்கவில்லை. கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறவன், கழுத்தை விறைத்துக்கொண்டு நடந்தான். நான் பார்த்தேன். எங்களுக்குப் பார்ப்பதுதானே தொழில். சோறு வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. ஒரே ஒரு உருண்டை மட்டும், யாரோ கீழிருந்து விரலால் இழுத்த மாதிரி, சட்டென்று உள்ளே போனது. சோறு மூழ்கும்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரை அடைந்தபோது கடற்புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பிக் கிழக்கே பறந்தன.

அடுத்த நாளும் காற்று. நான் சிவம் அண்ணையோடு இருந்து இடியப்பமும் சொதியும் தின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டைக் கழுவி வைத்தார். பிறகு, "என்ர அப்பாவின்ர சாம்பலும் அந்த ஏரிக்குள்ளதான் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் எலும்புக்கூட்டை உள்ளே எடுத்து வைத்தார்.

ஆறாம் நாள் காற்று அடங்கி மூடுபனி இறங்கியது. படகில் மார்கரெட்டும் நானும், படகோட்டியும். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் நான் வாந்தி எடுத்தேன். மீன்பிடித் துறையில் பிறந்து வளர்ந்தவன் ஒரு ஏரியில் வாந்தி எடுத்தான் என்பது தூத்துக்குடிக்குத் தெரியவேண்டாம். கல்லணைக்கு வெளியே படகை நிறுத்தி, மார்கரெட் ஒரு கருவியைத் தண்ணீரில் இறக்கி சமிக்ஞை கொடுத்தார். அடியில் கிடக்கும் பெட்டி அதைக் கேட்டுத் தன் எடையைக் கழற்றிவிட்டு மேலே வரும். பனிக்குள் எங்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு படகுக்கு மிக அருகில் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று, பாசி படிந்த தலை மாதிரி, சத்தமில்லாமல் எழுந்து நின்றது. நான் பின்வாங்கினேன்.

அப்படியே கிழக்கு நோக்கிப் போய் இன்னும் இரண்டு பெட்டிகளை எடுத்தோம். ரூஜ் ஆறு ஏரியில் சேரும் இடத்துக்கு வெளியே ஒன்று, விட்பிக்கு வெளியே ஒன்று. படகின் சிறு அறைக்குள் மார்கரெட் மடிக்கணினியில் மூன்று பெட்டிகளின் பதிவுகளையும் இறக்கினார். அந்த எண்ணை நான் தேடினேன். மே மாதம் முதல் ஒரே ஆழம், ஒரே இடம், கோடு போட்ட மாதிரி. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அன்ரியிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே உருட்டினேன்.

கோடு முறிந்திருந்தது.

நாங்கள் கல்லணையில் நின்ற அன்று மாலை. ஆழம் குறைந்திருந்தது. அடியிலிருந்து மேலே வந்து, சால்மன் நீந்தும் ஆழத்தில் நின்று, கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றி, பிறகு அந்தப் பெட்டியின் காதுக்கு எட்டாமல் போயிருந்தது. இரவில் இரண்டாம் பெட்டி அதைக் கேட்டிருந்தது. விடியும்போது மூன்றாம் பெட்டி. அதாவது நான் விட்பியில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது அது அந்த வீட்டுக்கு நேரே ஏரியில் கடந்து போயிருக்கிறது. எண்ணை மறுபடி ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தேன். பயம்தான்.

முட்டிக் கதை மார்கரெட்டுக்கு முன்பே தெரியும். சோற்றையும் குழம்பையும் இப்போது சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "சாப்பாடு போட்டிருக்கிறீர்கள், மீன்கள் கூடியிருக்கின்றன. முட்டி உடைந்து கிடந்திருக்கும். ஏதோ ஒன்று டேக்கையும் சேர்த்து விழுங்கிவிட்டது."

"எந்த மீன்?"

"கெண்டை."

"கெண்டை இவ்வளவு தூரம் இப்படி நேராகப் போகுமா?"

"போகாது."

"சால்மன்?"

"முட்டையிடும் வயதுச் சால்மன் இந்த மாதத்தில் எதையும் தின்னாது." திரையை மேலும் கீழும் உருட்டினார். "சின்ன வயது மீனாக இருக்கலாம். வேறு ஏதாவது மீனாகவும் இருக்கலாம்."

"அசைந்தால் உயிர் என்பது உங்கள் விதி" என்றேன், சும்மா கேலிக்கு. அவர் சிரிக்கவில்லை. நிலை என்ற கட்டத்தில் எதையோ அடித்தார், அழித்தார், கடைசியில் 'தெரியவில்லை' என்று போட்டுக் கணினியை மூடினார்.

படகுத்துறைக்குத் திரும்பியபோது ரமணனின் கார் நின்றிருந்தது. காலையிலிருந்தே காத்திருக்கிறார்களாம். அன்ரி குளிர்க்கோட்டுக்குள் சிறுத்துப்போய் வெளியே நின்றார். என் முகத்தில் எதையும் படிக்கவிடாமல் நெருங்கினேன். பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லாததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"அன்ரி, அங்க இல்லை. போயிடுச்சு."

"போயிட்டாரோ?"

"நீங்க சோறு போட்ட அன்னிக்குச் சாயங்காலமே."

"பொய் இல்லையே?"

"நானே பார்த்தேன்."

"எந்தப் பக்கம்?"

"கிழக்கே."

"அங்கால என்ன கிடக்கு?"

"ஏரி முடிஞ்சு ஒரு பெரிய ஆறு. அதுக்கப்புறம் கடல்தான்."

"கடலோ" என்றார். கண்ணை மூடித் திறந்தார். முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன், இட்டுக்கட்டவில்லை. "இண்டைக்கு நித்திரை வரும்" என்று மகனிடம் சொன்னார். என் கன்னத்தைத் தொட்டு, நல்லாயிருக்கோணும் என்றார். ரமணன் என்னை நேரே பார்க்காமல், "தாங்க்ஸ், அண்ணா. ரியலி" என்றான். எனக்கு ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை.

காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டார். ரமணன் காரைக் கிளப்பினான். கண்ணாடி இறங்கியது. இன்னும் ஏதோ விசாரிக்கப்போகிறார் என்று குனிந்தேன். அந்த வெளிச்சம் போயிருந்தது. என்னைத் தாண்டி, பனிக்குள் எங்கேயோ இருந்த ஏரியைப் பார்த்தார்.

"கடைக்குப் பால் வாங்கப் போனாலும் 'போயிட்டு வாறன்' எண்டு சொல்லாமல் வாசல் தாண்ட மாட்டார் தம்பி. அம்புலன்சில ஏத்தேக்கையும் கையைக் காட்டிச் சொன்னவர், போயிட்டு வாறன் எண்டு."

ரமணன் எஞ்சினை நிறுத்தினான்.

"இந்தமுறை சொல்லேல்லை" என்றார்.